பூசுவதற்கு முன் உரசிப் பாருங்கள்

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம் கிராமப் பங்குகளில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். குருவானவரின் வருகையைக் கோவில் மணிக்கு முன்பாக அவருடைய மோட்டார் சைக்கிளே அறிவித்துவிடும் என்பார்கள். கிளைக் கிராமத்து எல்லையில் அதன் ஓசை கேட்டதும் சிறுவர்கள் வண்டிப் பாதைக்கு ஓடுவர். உபதேசியார் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு கோவில் கதவைத் திறப்பார். அந்நாளில் நாம் கண்ட வண்டிகள் சில இனங்களே. 1955ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூர் ஆலையில் உருவாக்கிய புல்லட் ஒன்று. மைசூரில் 1961 முதல் உற்பத்தி செய்து, 1996இல் மூடப்பட்ட ஐடியல் ஜாவா நிறுவனத்தின் ஜாவாவும் யெஸ்டியும் மற்றவை. இவற்றோடு ராஜ்தூத்தும் உண்டு.

இவ்வண்டிகள் பல இன்று மாட்டுத் தொழுவங்களிலும் புளியமரத்து நிழலிலும் துருவேறிக் கிடக்கின்றன. ஆனால், அண்மை ஆண்டுகளில் ஒரு மாற்றத்தைக் காண்கிறேன். பாட்டனார் ஓட்டிய வண்டியைப் பேரன் வெளியே இழுத்து வருகிறான். அதைப் பிரித்து, பாகம் பாகமாகப் புதுப்பிக்க முனைகிறான். திண்டுக்கல்லுக்கு வடக்கே உள்ள இத்தாடிக்கொம்புப் பகுதியிலும் இந்த ஆர்வம் வந்துவிட்டது. வீட்டுப் பின்கட்டிலேயே 'பவுடர் கோட்டிங்' செய்யலாமா என்று என்னிடம் கேட்ட இளைஞர்களும் உண்டு.

இதைப் பற்றிக் குருவானவர் எழுதுவானேன் என்று சிலர் புன்முறுவல் கொள்ளலாம். எனக்கு முன்னிருந்த குருவிடமிருந்து என் பொறுப்புக்கு வந்த பழைய புல்லட் ஒன்றை, 2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாள்களில் சிறிது சிறிதாகப் பிரித்துச் சீர்செய்தேன். திண்டுக்கல் பூட்டுப் பட்டறையொன்றில் அரம் பிடித்தே வாழ்நாளைக் கழித்த முதியவர் ஒருவர் எனக்கு ஆசானாக இருந்தார். கைவினையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றதை நீங்கள் அறிவீர்கள். அத்தொழிலில் பழகிய கை, இரும்பைத் தொட்டே அதன் நலத்தையும் நோயையும் கூறிவிடும். அவரிடம் கற்றதையும், பின்னர் ஒரு குடும்பத்தில் நேரில் கண்டதையும் நம் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதே என் விருப்பம்.

தூள் எவ்வாறு பூச்சாகிறது?

பழைய வண்டிகளின் சட்டங்களுக்குக் கறுப்பு எனாமலைப் பூசிச் சூளையில் சுடுவது வழக்கம். அதனாலேயே அது ஆண்டுக்கணக்கில் நின்றது. தூள் பூச்சு அதே எண்ணத்தின் புதிய வடிவம் எனலாம். ஜெர்மனியைச் சேர்ந்த எர்வின் கெம்மர் என்பவர் 1950களில், காற்றால் மிதக்கவைத்த பிசின் தூளில் சூடான உலோகத்தை அமிழ்த்திப் பூச்சேற்றும் முறையை வகுத்தார். 1960களில் மின்னேற்றம் செய்த தூளைப் பீச்சும் முறை வந்தது. இன்று நம் வீட்டுச் சன்னல் கம்பி, அலமாரி, மின்விசிறி இறக்கை முதலிய பலவும் இம்முறையில் பூச்சுப் பெற்றவை.

பூச்சுத் தூள் என்பது நிறமி கலந்த பாலியெஸ்டர் அல்லது எபாக்சி பிசின். அதைப் பீச்சும் துப்பாக்கி தூளின் ஒவ்வொரு துகளுக்கும் மின்னேற்றம் தருகிறது. தொழிற்சாலைக் கருவிகளில் இவ்வழுத்தம் ஒரு இலட்சம் வோல்ட் வரை செல்லும். சிறு கருவிகளில் குறைவு. பாகம் கம்பியால் மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே, தூள் அதனை நாடிச் சென்று ஒட்டிக்கொள்கிறது. பின்னர் அதனை ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் 10 முதல் 15 நிமிடம் சுட, தூள் உருகி, பரந்து, வேதிமாற்றம் பெற்று இறுகுகிறது. இந்த வெப்பம் அடுப்பினுள் உள்ள காற்றுக்கன்று, உலோகத்துக்கே உரியது. தடித்த இரும்பு சூடேற நேரமாகும். அந்த வெப்பம் எட்டிய பின்னரே நிமிடத்தை எண்ணத் தொடங்க வேண்டும். பூச்சின் தடிமன் 60 முதல் 80 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

எபாக்சி தூள் உறுதியானதாயினும் வெயில் பட்டால் வெளிறி மாவுபோல் உதிரும். நம் சமவெளியின் வெயிலில் நிற்கும் வண்டிக்குப் பாலியெஸ்டர் வகையே தக்கது. பாகத்தின் உட்குழிந்த மூலைகளில் தூள் நுழைய மறுக்கும். மின்புலம் விளிம்புகளிலேயே நின்றுவிடுவதே காரணம். அங்கே மின்னழுத்தத்தைக் குறைத்துப் பொறுமையாகப் பீச்ச வேண்டும்.

இவை யாவற்றினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. பழைய பெயிண்ட்டின்மேல் இப்பூச்சைப் போட இயலாது. பெயிண்ட் மின்னோட்டத்தைத் தடுக்கும். அடுப்பின் வெப்பத்தில் கொப்புளிக்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு விரல்ரேகை அளவு இருந்தாலும் பூச்சு அங்கே பிடிக்காது. ஆகவே, இரும்பை அதன் வெற்றுடம்பு வரை உரசியே தீர வேண்டும். வேலையின் பெரும்பகுதி இந்த உரசல்தான். பூசுவது சில நிமிடம். உரசுவது சில நாள்.

ஒரு தாயின் முறையீடு

என் பங்கில் ஓர் இளைஞர். அவருடைய தந்தை நூற்பாலைத் தொழிலாளி. சில ஆண்டுகளுக்கு முன் இறைவனடி சேர்ந்தார். அவர் விட்டுச் சென்றவற்றுள் 1980களில் வாங்கிய புல்லட்டும் ஒன்று. அதனைப் புதுப்பித்து, நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று தாயை அதில் அமர்த்திக்கொண்டு தந்தையின் கல்லறைக்குச் செல்ல வேண்டும் என்று அவர் தமக்குள் நாள் குறித்திருந்தார். அந்நாளுக்கு மூன்று வாரமே இருந்தபோது, அத்தாய் பங்கு இல்லத்திற்கு வந்தார்.

"சாமி, கிறிஸ்மசுக்குக் கேக் சுடுற அடுப்புல இரும்பைச் சுடப் போறேங்கிறான். நீங்க சொன்னாத்தான் கேப்பான்" என்றார்.

மறுநாள் மாலை பூட்டுப் பட்டறைப் பெரியவரையும் அழைத்துக்கொண்டு அவ்வீட்டிற்குச் சென்றேன். அடுப்பைப் பற்றிய வழக்கு உடனே தீர்ந்தது. பூச்சுத் தூளைச் சுட்ட அடுப்பில் உணவு சமைத்தல் ஒருபோதும் ஆகாது. உணவுக்கென உள்ள அடுப்பைத் தொடவே கூடாது; பயன்படாத பழைய மின்னடுப்பு கிடைத்தால் அதனைக் கொட்டகையில் வைத்து இவ்வேலைக்கு மட்டுமே ஒதுக்க வேண்டும். தாயின் முகம் தெளிந்தது.

பெரியவரோ அடுப்பைப் பார்க்கவில்லை. சாக்கின்மேல் பரப்பியிருந்த பாகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றுள் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் இருந்தது. அது பெரிய பாகமாதலால் நகரத்துப் பட்டறையில் கொடுத்துப் பூசுவதென முடிவாகியிருந்தது. நாள் நெருங்கியதால், அதனை மட்டும் உரசாமல் மேலோட்டமாக உப்புத்தாள் தேய்த்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று இளைஞர் எண்ணினார். பெரியவர் அதனை மடியில் வைத்து விரலால் தடவினார். அச்சு பொருந்தும் முனைக்குச் சற்று முன்னே, பற்றவைப்பின் ஓரத்தில் அவருடைய விரல் நின்றது.

"இங்க எதுக்குத் தம்பி பட்டி வச்சிருக்கு?" என்று கேட்டார்.

மட்கார்டு நசுங்கினால் பட்டி வைத்துச் சமன் செய்வார்கள்; அது வழக்கம். சுமை தாங்கும் பாகத்தில் பட்டிக்கு இடமில்லை. கறுப்பின் அடியில் பச்சை, பச்சையின் அடியில் மீண்டும் கறுப்பு என மூன்று படலங்களைச் சுரண்டிய பின் சாம்பல் நிறப் பட்டி உதிர்ந்தது. மறைக்கல்வி வகுப்பிலிருந்து ஒரு சுண்ணக்கட்டி கொண்டுவரச் சொன்னார் பெரியவர். அவ்விடத்தில் மண்ணெண்ணெய் தடவி, கால்மணி நேரம் விட்டு, துணியால் உலரத் துடைத்தார். அதன்மேல் சுண்ணக்கட்டியைப் பொடித்துத் தேய்த்து வெண்மையாக்கினார். பிளவு இருந்தால் அதனுள் புகுந்த மண்ணெண்ணெய் மீண்டும் கசிந்து வெண்மையை நனைக்கும். பட்டறைகளில் நெடுநாளாக வழங்கும் சோதனை இது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே வெண்மையின் நடுவே மயிரிழை போன்ற கறுங்கோடு ஒன்று தோன்றிற்று. குழாயின் சுற்றளவில் ஏறத்தாழ பாதியை அது சூழ்ந்திருந்தது.

என்றோ ஒருநாள் யாரோ அதைக் கண்டிருக்கிறார்கள். பட்டி வைத்து மூடி, பெயிண்ட் அடித்து, வண்டியைத் தந்திருக்கிறார்கள். அதன்பின் அந்தத் தந்தை மனைவியைப் பின்னாலும் இரு பிள்ளைகளை முன்னாலும் அமர்த்திக்கொண்டு எத்தனை முறை திருவிழாவிற்கும் திருமணத்திற்கும் சென்றிருப்பார்! அத்தாய் அக்கோட்டைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, உட்கார்ந்துவிட்டார். சிறிது நேரம் கழித்து, "இதுலயா சாமி எங்கள ஏத்திக்கிட்டுப் போனாரு?" என்று மட்டும் கேட்டார்.

அவ்வாண்டு கல்லறைத் திருநாளுக்குத் தாயும் மகனும் பேருந்தில் சென்றனர். குறித்த நாளில் முடிக்க இயலாத வருத்தம் இளைஞருக்கு இருந்தது. ஆயினும், பிளந்த பாகத்தைப் பற்றவைத்துக் கொண்டுபோகலாம் என்று சொன்னவர்களின் பேச்சை அவர் ஏற்கவில்லை. மதுரையில் பழைய உதிரிப்பாகக் கடையொன்றில் பழுதற்ற ஸ்விங் ஆர்ம் ஒன்றைத் தேடி வாங்கினார். அதனையும் வெற்றிரும்பு வரை உரசி, மண்ணெண்ணெய்ச் சோதனை செய்த பிறகே பூச்சுக்குக் கொடுத்தார். திருவருகைக் காலத்தில் வண்டி ஓடியது. பிளந்த பழைய பாகம் அவர்கள் கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது.

இந்நிகழ்ச்சி என் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது. வண்டியின் மேனி மின்ன வேண்டும் என்னும் ஆசை இயல்பே. ஆனால், பூச்சின் பணி நலமான இரும்பைக் காற்றிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காப்பதாகும். நோயுற்ற இரும்பின்மேல் அதனைப் போட்டால், நோய் அழகாகத் தெரியுமேயன்றித் தீராது. முன்னைப் பெயிண்ட்டாவது பிளவு வளர்கையில் தானும் வெடித்து எச்சரிக்கக் கூடும். தடித்த தூள் பூச்சோ சற்று இழுபடும் தன்மையுடையது. அடியில் நடப்பதைப் பல நாள் வெளிக்காட்டாது. ஆகவே, இம்முறையைக் கையாளுவோர்க்குச் சோதனைக் கடமை இரட்டிப்பாகிறது.

வீட்டில் செய்யத் தக்கவை, தகாதவை

கால்மிதி, ஸ்டாண்டு, டூல்பாக்ஸ் தாங்கி, விளக்குத் தாங்கி போன்ற சிறு இரும்புப் பாகங்கள் வீட்டு முயற்சிக்கு ஏற்றவை. சட்டம் முதலிய பெரியவற்றைத் தொழிற்பட்டறையில் கொடுப்பதே நன்று. எதைக் கொடுத்தாலும் ரப்பர், பேரிங், கிரீஸ் யாவும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். மரையும் அச்சு பொருந்தும் இடமும் வெப்பம் தாங்கும் அடைப்பானால் மூடப்பட்டிருக்க வேண்டும். அலுமினிய வார்ப்புகளின் நுண்துளைகளில் எண்ணெய் தங்கியிருக்கும். அவற்றைப் பூசுமுன் ஒருமுறை வெறுமையாகச் சுட்டு அந்த எண்ணெயை வெளியேற்றாவிடில், பூச்சில் கொப்புளம் எழும்.

பெட்ரோல் டேங்கை ஒருபோதும் அடுப்பருகே கொண்டுசெல்லாதீர்கள். காலியான டேங்கில் தங்கும் ஆவி, நிறைந்த டேங்கினும் கொடியது. பழைய டேங்கில் ஈயப்பற்று வைத்த ஓட்டை அடைப்புகள் இருக்கலாம். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 பாகையிலேயே இளகத் தொடங்கிவிடும். பட்டியும் அவ்வெப்பத்தைத் தாங்காது. ஆதலின் டேங்கிற்குத் திரவப் பெயிண்ட்டே உகந்தது. அதிலும் கடினமாக்கி கலந்து அடிக்கும் இருகலவைப் பெயிண்ட்டில் ஐசோசயனேட் என்னும் நச்சுப்பொருள் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கும். வீட்டுத் திண்ணையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அதை அடிப்பது தகாது. உரிய காற்றோட்ட அறையுள்ள பட்டறையில் அடிக்கச் செய்யுங்கள். புல்லட் டேங்கின் பொற்கோடுகளைத் திருவொற்றியூர்க் கலைஞர்கள் தூரிகையால், கையாலேயே இழுத்து வந்தனர். உங்கள் வண்டியில் அக்கோடு இன்னும் அழியாமல் இருந்தால், அந்த டேங்கைத் துடைத்து அப்படியே வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். எல்லாவற்றையும் புதிதாக்கத்தான் வேண்டுமென்பதில்லை.

துருவை நீக்க ஆற்று மணலைக் காற்றழுத்தத்தில் பீச்சுவோர் இன்னும் உள்ளனர். அம்மணலின் நுண்தூசி நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் என்னும் தீரா நோயைத் தரும். மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் பலகைக் குச்சி அறுத்த தொழிலாளர் பலர் இந்நோயால் மாண்டது நம் நாட்டின் துயர வரலாறு. பிரிட்டனில் 1949ஆம் ஆண்டு விதிகளே மணலைப் பீச்சுவதைத் தடுத்துவிட்டன. கார்னெட் அல்லது அலுமினிய ஆக்சைடு துகளை, மூடிய பெட்டிக்குள், தக்க முகமூடியோடு பயன்படுத்த வேண்டும்.

பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் எனக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வண்டிப் பெயிண்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதனை உலர்த்தேய்ப்பாகத் தேய்க்காமல், நீர்விட்டுத் தேய்ப்பதே பாதுகாப்பு. சிறுவர்களும் கருவுற்ற தாய்மாரும் அவ்விடத்தில் இருத்தல் ஆகாது. பூச்சுத் தூளும் மாவாலைத் தூசியைப் போன்றதே. காற்றில் அடர்ந்து மிதக்கையில் ஒரு பொறி போதும், தீப்பிடிக்கும். விளக்கோ பீடியோ அருகில் கூடாது. உடலில் பேஸ்மேக்கர் பொருத்தப்பெற்றவர்கள் துப்பாக்கியின் அருகே வருதல் கூடாது.

துரு நீக்கிய அமிலத்தையும் பெயிண்ட் கரைத்த நீரையும் சாக்கடையில் கொட்டாதீர்கள். தோல் பதனிடும் ஆலைக் கழிவால் கிணறுகள் கெட்ட வரலாறு திண்டுக்கல் மக்களுக்குப் புதிதன்று. 1996இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் தோல் ஆலைகள்மீது தண்டம் விதித்தபோது, நம் மாவட்டமும் அதில் இடம்பெற்றது. வீட்டிலேயே குரோம் முலாம் பூசும் முயற்சியையும் இக்காரணத்தாலேயே தவிர்க்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பொறிக்கப்பட்ட இடத்தை உரசித் தேய்த்துவிடாதீர்கள். தடித்த பூச்சால் மூடிவிடவும் வேண்டா. அந்த எண் மங்கினால், தந்தை வழி வந்த வண்டியும் களவு வண்டியெனச் சந்தேகிக்கப்படும். 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவை 5 ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். அதன் நிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றிலும் அம்மாற்றம் பதியப்பட வேண்டும். உரிமையாளர் காலமாகியிருந்தால், வாரிசின் பெயருக்கு வண்டியை மாற்றுவதே பெயிண்ட் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

பெற்றோருக்கு

இத்தனை எச்சரிக்கையையும் படித்து, "இந்த வேலையே வேண்டாம்" என்று மகனைத் தடுத்துவிடாதீர்கள். கையால் ஒரு பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை அறிந்து, மீண்டும் பொருத்தும் பயிற்சி நம் பிள்ளைகளுக்கு அரிதாகி வருகிறது. துருவைத் தேய்க்கும் அந்த நீண்ட மணிநேரங்கள் வீணல்ல. அவ்விளைஞர் தம் தந்தையைப் பற்றித் தாயிடம் கேட்டதெல்லாம் அந்தக் கொட்டகையில்தான். எந்த ஆண்டு வண்டி வாங்கினார், எத்தனை மாதத் தவணை கட்டினார், பச்சைப் பெயிண்ட் எதற்காக அடித்தார் என்று ஒவ்வொரு படலம் உரியும்போதும் ஒரு கதை வந்தது. தாயும் உப்புத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஆகவே, பெற்றோரே, கொட்டகையில் ஓர் இடமும் தக்க முகமூடியும் பிள்ளைக்கு அளியுங்கள். அவன் குறித்த நாளுக்குள் முடிக்க அவசரப்பட்டால், நாளைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். தூளையும் துப்பாக்கியையும் வாங்குமுன், உங்கள் ஊரில் அரம் பிடித்துப் பழகிய ஒரு பெரியவரை அழைத்து வந்து, உரசிய இரும்பை அவர் விரலால் ஒருமுறை தடவிப் பார்க்கச் செய்யுங்கள். ஒரு சுண்ணக்கட்டியும் ஒரு குவளை மண்ணெண்ணெயும் அருகில் இருக்கட்டும்.